மிளகுக் கொடிக்கு மூன்று ஆண்டு, காணிக்கு இருநூறு ஆண்டு

போர் முடிந்த பின் வடக்கிலும் கிழக்கிலும் 'வாழ்வாதார உதவி' என்ற சொல்லைக் கேட்காத வீடு இல்லை. ஆட்டுக்குட்டி வந்தது, கோழிக்குஞ்சு வந்தது, நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது, தென்னங்கன்று வந்தது. சில வீடுகளில் அவை பயன்பட்டன. வேறு பல வீடுகளில் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆடு விற்கப்பட்டது, மருத்துவச் செலவுக்கு இயந்திரம் அடகு போனது. பிறகு கணக்கெடுக்க வந்தவர்கள், 'கொடுத்தாலும் வைத்துக்கொள்ளத் தெரியாத சனம்' என்று எழுதாத குறையாகப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஏழை விவசாயி தன் காலில் நிற்க என்ன வேண்டும் என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. மலாவி, நைஜர் போன்ற ஆபிரிக்க நாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதே கேள்வியோடு அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் மல்லுக்கட்டி வருகின்றன. இந்தக் கட்டுரை அதே கேள்வியை மாத்தளை மாவட்டத்தில், மிளகு என்ற ஒரேயொரு பயிரை வைத்துப் பார்க்கிறது. மாத்தளையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பயிரைப் பற்றிய அறிவு, மழை, மண், சந்தை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒரு பகுதி மக்கள் ஏழைகளாகவே இருக்கும் இடம் அது. எது குறைகிறது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம்.

மாத்தளை நகரிலிருந்து உக்குவளை, ரத்தோட்டை, யட்டவத்தைப் பக்கம் போனால், கிராமத்து வீட்டுத் தோட்டங்களில் மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏறியிருக்கும். இடையில் கிராம்பு, சாதிக்காய், கோப்பி, கொக்கோ, பலா. நிலம் சிறிது, ஆனால் அடுக்கடுக்காகப் பயிர். மிளகு போன்ற வாசனைப் பயிர்களுக்குப் பொறுப்பான ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையில்தான் இருக்கிறது. டிங்கிரால, கொஹுகும்புரேரால, பூட்டாவேரால என்ற மிளகு இனங்கள் அங்கிருந்து வெளியிடப்பட்டவை. பழைய கண்டிக் கிளர்ச்சிக்காரர்களின் பெயரை மிளகுக்கு வைத்த ரசனையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அதே வீதியில் இன்னும் சற்று மேலே ஏறினால் தோட்டங்கள் தொடங்கும். அங்கே லயன் வீடுகள். அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மிளகு பறிக்கத் தெரியும், காயவைக்கத் தெரியும், கொடி வெட்டி நடத் தெரியும். சொந்தக் கொடி இல்லை.

மிளகு எப்படி வளர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது ஏன் என்று புரியும்.

மிளகு தானாக நிற்காது, தாங்கு மரம் வேண்டும். இலங்கையில் பெரும்பாலும் கிளிரிசீடியாத் தடியை நட்டு, அது வேர்பிடித்துத் தழைத்த பிறகு அடியில் மிளகுக் கன்றை வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் சீமைக்கிளுவை என்று வேலிக்கு நடுவோமே, அதே மரம்தான். தடிக்குத் தடி எட்டு அடி இடைவெளி. கொடி மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும், நல்ல விளைச்சல் வர மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் போகும். அதன் பிறகு ஒழுங்காகப் பார்த்தால் பதினைந்து, இருபது ஆண்டுகள் பலன் தரும். பறித்த பச்சை மிளகு ஏறக்குறைய மூன்று கிலோ, காய்ந்தால் ஒரு கிலோ. நன்றாகக் காயவைத்து ஈரமேறாமல் கட்டி வைத்தால் ஓராண்டு கடந்தும் கெடாது. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

தாங்கு மரமாக நிற்கும் கிளிரிசீடியா சும்மா நிற்பதில்லை. அவரைக் குடும்பத்து மரமாதலால் காற்றிலுள்ள நைதரசனை வேரில் சேர்க்கும். கிளையை வெட்டிக் கொடியடியில் போட்டால் அது பசளை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்டால் தீனி. காய்ந்த தடி விறகு. 2021இல் அன்றைய அரசு ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது நெல்லும் தேயிலையும் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சில மாதங்களில் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. இலைப் பசளையால் எல்லாப் பயிரையும் ஒரு பருவத்தில் காப்பாற்றிவிட முடியாது. ஆனால் வேலியிலேயே பசளை வளர்கிற தோட்டம், கப்பல் வராத காலத்தில் மற்றவற்றைவிடச் சற்று நிதானமாக நிற்கும்.

ஆபிரிக்காவுக்கு இங்கேதான் வருகிறோம். இதே கிளிரிசீடியாவை மலாவியின் தெற்கே மக்கோக்கா ஆராய்ச்சி நிலையத்தில் 1990களின் தொடக்கத்திலிருந்து சோளத்துக்கு இடையே நட்டுப் பார்த்தார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கிளையை வெட்டி இலையை மண்ணில் புதைப்பது, அவ்வளவுதான். பசளையே இடாத வயலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சோளம் தொடர்ந்து பல ஆண்டுகள் கிடைத்தது. இதற்கிடையில் மலாவி அரசு 2005இல் உரத்துக்கும் விதைக்கும் பெரும் மானியம் கொடுக்கத் தொடங்கியது. அறுவடை கூடியது உண்மை. ஆனால் உலகச் சந்தையில் உரவிலை ஏறிய போதெல்லாம் அந்த மானியம் அரசின் விவசாயச் செலவை விழுங்கியது. மானியத்தை நிறுத்தினால் பசி, தொடர்ந்தால் கடன் என்ற இடுக்கு அது. மரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அப்படியானால் மலாவியின் எல்லா விவசாயிகளும் ஏன் மரம் நடவில்லை? தடி நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பலன் தெரியாது, உழைப்பு மட்டும் போகும். இன்னொரு காரணம் நம் கிழக்கு மாகாண வாசகர்களுக்கு உடனே பிடிபடும். தென் மலாவியில் பல ஊர்களில் திருமணத்தின் பின் ஆண் மனைவியின் ஊருக்குப் போய் வாழ்கிறான், காணி பெண்வழியில் போகிறது. மணம் முறிந்தால் அவன் கையை வீசிக்கொண்டு வெளியேற வேண்டும். அப்படிப்பட்ட ஆண்கள் நீண்டகால மரம் நடத் தயங்குகிறார்கள் என்று அங்கு ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சோம்பலோ அறியாமையோ காரணமில்லை. நாளைக்கு இந்த மண்ணில் நான் இருப்பேனா என்ற கணக்கு.

மாத்தளைத் தோட்டத் தொழிலாளியின் கணக்கும் அதுவே. லயனைச் சுற்றியுள்ள துண்டு நிலத்தில் அவர்கள் கீரை போடுவார்கள், போஞ்சி போடுவார்கள், மூன்று மாதத்தில் பறித்துவிடலாம். பதினைந்து ஆண்டு நிற்கும் பயிரை நட்டால் அது காணிக்கு உரிமை கோரும் செயலாகப் பார்க்கப்படும். நடுகிறவருக்கும் அந்த உறுதி இல்லை.

கொஞ்சம் எண்களாகப் பார்ப்போம். கால் ஏக்கர் என்பது 40 பேர்ச், அதாவது 10,890 சதுர அடி. எட்டு அடி இடைவெளியில் 170 கொடிகள் வைக்கலாம். கவனிப்புக் குறைந்த கொடி ஆண்டுக்கு அரைக் கிலோ காய்ந்த மிளகு தரும், நன்றாகப் பார்த்தால் ஒரு கிலோவும் அதற்கு மேலும் தரும். ஆகவே 85 முதல் 170 கிலோ. விலை ஏறி இறங்கும். கணக்குக்காகக் கிலோ 1,000 ரூபா என்று வைத்தால் 85,000 முதல் 170,000 ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 33,750. அந்தக் கால் ஏக்கர் மிளகு, ஒரு தொழிலாளியின் இரண்டரை முதல் ஐந்து மாதச் சம்பளத்துக்குச் சமம். இடையில் வாழையும் இஞ்சியும் போட்டு, இலையில் இரண்டு ஆடு வளர்த்தால் இன்னும் கூடும். பணக்காரராக்காது. ஆனால் தோட்டத்தில் வேலை இல்லாத வாரத்தில் கடைக்காரரிடம் கை கட்டி நிற்காமலிருக்கப் போதும்.

இப்போது மலையகத்தில் வீடமைப்புத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட 7 பேர்ச்சை எடுங்கள். 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 சதுர அடி போக, மலசலகூடம், பாதை, மழைநீர் வடிகால் கழித்தால் பத்துப் பதினைந்து கொடி வைக்கலாம். குடும்பத்தின் ரசத்துக்கு மிளகு வரும், வருமானம் வராது. 7 பேர்ச்சைச் சிறுமைப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. லயனிலிருந்து தனிவீட்டுக்குப் போவது பெரிய மாற்றம்தான். ஆனால் அது குடியிருப்பதற்கான காணி. பிழைப்பதற்கான காணி வேறு.

அந்தக் காணி ஏன் இல்லை என்பதற்கு நீண்ட கதை இருக்கிறது. கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் இறந்தவர்கள் ஏராளம். அவர்கள் காடழித்த மண்ணில் அவர்களுக்கு ஒரு முழம் எழுதப்படவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணி பகிரப்பட்டபோது இந்திய வம்சாவளியினர் அதற்கு வெளியே வைக்கப்பட்டார்கள். 1948இல் குடியுரிமையும் போனது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் வந்தபோது நல்லது நடக்கும் என்று சிலர் நம்பினார்கள். கண்டி, மாத்தளைப் பகுதித் தோட்டங்கள் பலவற்றைப் பொறுப்பேற்ற உசவசம போன்ற அமைப்புகளின் காலம் தொழிலாளருக்குப் பசியின் காலமாகவே முடிந்தது. வேலை நிறுத்தப்பட்டு, லயன்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் வீதிக்கு வந்தார்கள். துண்டாடப்பட்ட காணி பெரும்பாலும் அயல் சிங்களக் கிராமத்தவருக்குப் போனது. அவர்களிலும் ஏழைகள் இருந்தார்கள், அவர்களுக்குக் காணி கிடைத்தது தவறல்ல. அந்த மண்ணில் உழைத்தவர் பட்டியலிலேயே இல்லை என்பதுதான் தவறு.

அப்போது வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பது வன்னி வாசகர்களுக்குத் தெரியும். 1970களின் பஞ்சத்துக்கும் 1977 வன்செயலுக்கும் பின் ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்தன. அவர்களை விவசாயிகளாக்க முயன்றது காந்தீயம் அமைப்பு. கட்டடக் கலைஞர் டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் முன்னின்று பண்ணை, கிணறு, பாலர் பாடசாலை, பால்மா என்று கட்டியெழுப்பினார்கள். வெளிநாட்டு நிபுணர்கள் பிற்பாடு ஆபிரிக்காவில் 'ஒருங்கிணைந்த' என்று அடைமொழி போட்டுச் செய்த பலவற்றை வவுனியாவில் அவர்கள் அன்றே செய்தார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். இராஜசுந்தரம் ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கென்ற், டொலர் பண்ணைகளில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டு, அங்கே சிங்களக் கைதிகள் குடும்பங்களோடு குடியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் புலிகளின் தாக்குதலில் பெண்களும் பிள்ளைகளும் உட்பட அக்குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். ஏழைகளுக்கு விவசாயம் கற்றுக்கொடுத்த திட்டம் பயிரால் தோற்கவில்லை.

காணி கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. மூன்று ஆண்டுகள் எப்படிச் சாப்பிடுவது என்ற கேள்வி இருக்கிறது. அதற்கடுத்து, காய்த்த பிறகு யாருக்கு, எப்போது விற்பது என்ற கேள்வி.

முதலாவதற்கு இன்று கிராமங்களில் கிடைக்கும் பதில் நுண்கடன். வாரா வாரம் கட்ட வேண்டிய கடன். வாரக் கடன் வாரம் வியாபாரம் நடக்கிற கடைக்காரருக்குப் பொருந்தும். மூன்றாம் ஆண்டில் காய்க்கும் கொடிக்கும், நான்கு மாதத்தில் விளையும் நெல்லுக்கும் அது எப்படிப் பொருந்தும்? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து, வீட்டுக்கு வரும் வசூல்காரருக்கு ஒளிந்து, உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களின் செய்திகளை நாம் வடக்கிலும் கிழக்கிலும் வாசித்தோம். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாவரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. பயிரின் காலமும் கடனின் காலமும் ஒன்றாக ஓடாவிட்டால் உதவி என்ற பெயரில் வருவதும் சுருக்குத்தான்.

இரண்டாவது கேள்வி மாத்தளையில் இப்படி வருகிறது. மிளகு இன்னும் முற்றவில்லை, வீட்டில் பணம் இல்லை. ஊர் முதலாளி வந்து கொடியிலேயே விலை பேசி முற்பணம் தருவார். அல்லது களவு போகுமென்ற பயத்தில் பிஞ்சாகவே பறித்துப் பச்சையாக விற்க வேண்டிவரும். காயவைத்துத் தரம்பிரித்து, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்றால் கிடைக்கும் இலாபம் முழுவதும் காத்திருக்க முடிந்தவருக்குப் போகிறது. முதலாளியைத் திட்டி ஒன்றுமில்லை. அவரிடம் காலம் இருக்கிறது, விவசாயியிடம் இல்லை.

நைஜரில் இதே சிக்கல் தினைக்கு இருந்தது. அறுவடையில் விலை விழும். கடனுக்காக அப்போதே விற்றுவிட்டு, சில மாதம் கழித்து அதே தினையை இரண்டு பங்கு விலைக்கு வாங்கித் தின்பார்கள். 1990களின் இறுதியில் அங்கே 'வாரன்டாஜ்' என்ற முறை பரவத் தொடங்கியது. ஊரில் ஒரு களஞ்சியம். விவசாயிகள் தங்கள் மூட்டைகளை அதில் வைப்பார்கள். கதவுக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி விவசாயிகள் சங்கத்திடம், மற்றது கடன் கொடுக்கும் நிறுவனத்திடம். மூட்டையின் பெறுமதியில் ஒரு பகுதி கடனாகக் கைக்கு வரும். அந்தப் பணத்தில் வீட்டுச் செலவும் பார்க்கலாம், கோடையில் மரக்கறியும் போடலாம். விலை ஏறியதும் இரு சாவியும் சேர்ந்து கதவைத் திறக்கும். விற்றுக் கடனைக் கட்டி மிச்சத்தை எடுத்துக்கொள்வார்கள். யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை. விவசாயிக்கு ஐந்தாறு மாதக் காலத்தை வாங்கிக் கொடுத்தார்கள். பூச்சி அரிக்கும் தினைக்கே இது நடக்குமென்றால், ஓராண்டு கெடாமல் கிடக்கும் மிளகுக்கு இன்னும் சுலபமாக நடக்க வேண்டும். பத்துக் குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு சீமெந்துக் காயப்போடும் தளம், ஓர் அறை, இரண்டு பூட்டு. செலவு பெரிதல்ல.

ஆனாலும் மிளகை மட்டும் நம்பக் கூடாது. நம் மிளகின் பெரும்பகுதியை வாங்குவது இந்தியா. வியட்நாமில் விளைச்சல் பெருகி உலக விலை சரிந்தபோது, கேரள விவசாயிகளைக் காக்க 2017 டிசம்பரில் டெல்லி அரசு கிலோவுக்கு இந்திய 500 ரூபா என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையை வைத்தது. வியட்நாம் மிளகை இலங்கை மிளகென்று பெயர் மாற்றி அனுப்பிய வியாபாரிகளால் வந்த வினையும் அதில் உண்டு. அடி மாத்தளையின் வீட்டுத் தோட்டத்தில் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகள் பறிகூலிக்கே கட்டவில்லை என்று கொடியிலேயே விட்டவர்கள் உண்டு. அப்போது தாக்குப்பிடித்தவை மிளகோடு கிராம்பும் பலாவும் வாழையும் மாடும் இருந்த கலப்புத் தோட்டங்கள். இதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டியதில்லை, கண்டிச் சீமைக் கிராமங்கள் தலைமுறைகளாக இப்படித்தான் நட்டு வருகின்றன.

2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்தப் பழைய பாதையிலேயே ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. காணி உரிமை அதன் முக்கிய கோரிக்கைகளில் ஒன்று. முடிந்து ஒரு வாரமாகியிருக்கும், மாத்தளை மாவட்டத்தின் ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளர் குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தவர் உடைத்த காணொளி நாடெங்கும் பரவியது, நாடாளுமன்றம்வரை போனது. ஒரு குடிலுக்கே இடமில்லாத மண்ணில் பதினைந்து ஆண்டுப் பயிரை யார் நடுவார்?

இத்தனைக்கும் காணி இல்லாமலில்லை. மத்திய மலைநாட்டின் இந்தப் பகுதியில் தேயிலை விளைச்சல் குறைந்து பற்றைக்காடாகிக் கிடக்கும் நிலம், அரச நிறுவனங்களின் கீழுள்ள தோட்டங்களிலேயே நிறைய உண்டு. சிறுதுண்டுக் காணியில் ஏழைகளால் ஏற்றுமதிப் பயிர் செய்ய முடியாது என்ற வாதமும் நிற்காது. இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் இன்று சிறுதோட்ட உடைமையாளரின் கையிலிருந்தே வருகிறது. கொம்பனிகள் சில இப்போது தேயிலைச் செடிகளைத் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்துக்குப் பணம் தருகின்றன. அதில் செடியைப் பராமரிக்கும் பாரம் தொழிலாளிக்கு, காணி கொம்பனிக்கு. அதைச் சிறுதோட்ட உடைமை என்று அழைப்பது பொருந்தாது.

குடும்பத்துக்குக் கால் ஏக்கர், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி, காய்க்கும்வரை தவணை கேட்காத கடன், இரண்டு பூட்டுக் களஞ்சியம், திணைக்களத்தின் கன்று. கன்றும் ஆலோசனையும் மாத்தளையில் ஏற்கெனவே உண்டு. அவற்றைக் கேட்டுப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது காணி யாருடையது என்பதே. வடகீழ்ப் பருவமழையோடு மிளகுக் கன்று வைக்க வேண்டுமானால், அது ஏறும் தடி அதற்கு முந்திய மழையிலேயே மண்ணில் ஊன்றியிருக்க வேண்டும்.